குறட்டையும் மூச்சடைப்பும்: எல்லையோர ஊர்களிலிருந்து சில கேள்விகள்

கேள்வி (கம்பம்): ஐயா, குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறேன். உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் (ஸ்லீப் அப்னியா) என்று பரிசோதித்ததில், எனக்கும் என் மைத்துனருக்கும் ஏ.எச்.ஐ. என்னும் மூச்சடைப்பு எண் 22 என்றே வந்தது. அவருக்கு, முகமூடி வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்கிறார்கள். மல்லாந்தால் 41, ஒருக்களித்தால் 4 என்று என் அறிக்கையில் உள்ளது. இது சரியா?

பதில்: அந்த 22 என்பது, ஒரு மணி நேர உறக்கத்தில் குறைந்தது 10 விநாடிகளாவது மூச்சு நின்றோ குறைந்தோ போன தடவைகளின் எண்ணிக்கை; ஏன் அப்படி ஆயிற்று என்பதை அது சொல்லாது. உங்களுக்கு மல்லாந்து படுக்கும்போதுதான் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. மைத்துனருக்குத் தாடை சிறுத்தோ கழுத்து பருத்தோ எப்படிப் படுத்தாலும் அடைக்கலாம். வேறு சிலருக்குத் தொண்டையில் அடைப்பு குறைவு; ஆனால் சிறு தடங்கலுக்கே விழித்துவிடுவார்கள், அல்லது மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளையின் பகுதி பதறிக்கொண்டு வேலை செய்யும். ஆகவே, உங்கள் மருத்துவர் சொன்னது சரியே. ஆயினும் இரவெல்லாம் ஒருக்களித்தே கிடப்பீர்களா என்று யாருக்குத் தெரியும்? முதுகுப்பக்கம் தடுப்பு வைத்துப் படுத்து, அதே நிலையில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். பகலில் கண் செருகுவது நிற்கும்வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள்.

கேள்வி (பாறசாலை): எனக்கு வயது 52. குறட்டை அதிகமில்லை, காலையில் தலைவலியும் ஓயாத அசதியும் உண்டு. வீட்டில் பரிசோதனைக் கருவி மாட்டிப் பார்த்ததில் ஏ.எச்.ஐ. 4தான் வந்தது.

பதில்: அம்மா, மாதவிடாய் நின்றபின் பெண்கள் பலருக்கு இந்நோய் குறட்டையாக அன்றி, தூக்கமின்மையாகவும் அசதியாகவுமே தலைகாட்டுகிறது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவதில்லை; நீங்கள் விழித்துக் கிடந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து வகுப்பதால் எண் குறைந்து காட்டும். ஆய்வகத்தில் ஓர் இரவு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தைராய்டையும் பாருங்கள். அதற்குமுன் தூக்கமாத்திரை வேண்டாம்.

கேள்வி (செங்கோட்டை): சிபாப் முகமூடி மூச்சை முட்டுகிறது. மூன்றாம் வாரமே பீரோவில் வைத்துவிட்டேன்.

பதில்: 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு இணையானது இன்றும் அரிது, ஆனால் பீரோவில் இருக்கும் கருவி யாருக்கும் உதவாது. மூக்கடைப்பா, காற்றுக் கசிவா, அளவு பொருந்தாமையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முகமூடியை மாற்றினாலே சரியாகும். முடியாவிட்டால், பல் உறுதியாக இருப்பின், கீழ்த்தாடையை முன்தள்ளும் பற்கருவி உண்டு.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எடை குறைக்கும் ஊசியே போதுமா?

பதில்: உடற்பருமன் உள்ள, நடுத்தர அல்லது கடும் நோயாளிகளுக்கு டிர்செபடைட் என்னும் எடை குறைக்கும் ஊசிமருந்தை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஒல்லியானவருக்கு அதனால் பயனில்லை. எடை குறைந்தபின் மீண்டும் பரிசோதித்துப் பார்க்காமல் சிபாபை நிறுத்திவிடாதீர்கள்.