அயனி மரத்தில் ஏறிய கொடி: நல்லமிளகா, திப்பிலியா?

கேள்வி: திருவட்டாறு பக்கம் எங்கள் ரப்பர் விளையின் ஓரத்து அயனி மரத்தில், வெயிலே விழாத இடத்தில், ஒரு கொடி தானாக முளைத்து இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. இலை வெற்றிலை மாதிரி. அம்மா திப்பிலி என்கிறார், மாமா காட்டு நல்லமிளகு என்கிறார். மூன்று வருடமாகக் காய்க்கவில்லை. வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். நான் மாமா பக்கம்தான், ஆனால் உறுதியாகச் சொல்ல நீங்கள் அனுப்பிய ஒற்றை இலைப் படம் போதாது. வெற்றிலை, திப்பிலி, நல்லமிளகு மூன்றும் பைப்பர் என்ற ஒரே பேரினம். தனி இலையைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். கொடியை முழுதாகப் பாருங்கள்.

திப்பிலி மெலிந்த கொடி. தரையோடு படரும், இவ்வளவு உயரம் ஏறாது. அதன் அடி இலைக்கு நீண்ட காம்பு இருக்கும்; நுனிக்குப் போகப் போகக் காம்பே இல்லாமல் இலை தண்டைத் தழுவி நிற்கும். காய் விரல்போல நிமிர்ந்திருக்கும். நல்லமிளகில் எல்லா இலைக்கும் காம்பு உண்டு, பூவும் மணியும் பிடிக்கும் சரம் கீழ்நோக்கித் தொங்கும். கணுவில் வேர்விட்டு மரத்தை இறுகப் பிடித்திருக்கும். அடித்தண்டு முற்றி மரம்போல் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இலைக்காம்பே இன்னொரு இலைபோல அகன்று, நாரத்தை இலையை நினைவூட்டினால் அது பொத்தோஸ் என்ற வேறொரு கொடி. மிளகுக்கு உறவே இல்லை. இலையைக் கசக்கி மோந்து பார்க்கலாம். மென்று பார்க்க வேண்டாம்: மணி பிளான்ட் போன்ற சேம்பு இனக் கொடிகளும் நிழலில்தான் ஏறும், வாயெல்லாம் அரிக்கும்.

சரி, ஏன் காய்க்கவில்லை? நாம் நடும் கரிமுண்டா, பன்னியூர்-1 போன்ற மிளகு ரகங்களில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. காட்டுக்கொடிகளில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆனி மழை பிடித்ததும் கவனியுங்கள். சரம் விட்டும் மணி பிடிக்காமல் உதிர்ந்தால் ஆண்கொடியாக இருக்கலாம். சரமே வரவில்லையென்றால் நிழல் அதிகம். அயனியின் தாழ்ந்த கொப்புகளைக் கழித்துவிடுங்கள். மரத்தை ஒட்டாமல் பக்கவாட்டில் நீளும் கிளைகளில்தான் சரம் வரும், ஒட்டி ஏறும் தண்டில் தேடாதீர்கள்.

ஆண்கொடி என்றே தெரிந்தாலும் அது பாட்டுக்கு நிற்கட்டும். மிளகு வேண்டுமானால் பக்கத்து மரத்தில் கரிமுண்டா பதியன் ஒன்று நடலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் அடி இலை, நுனி இலை, சரம் மூன்றும் உள்ள கொப்பை நாளிதழில் பொதிந்து பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.