மணி கிடந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி இறுதித் தேர்வை முடித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் தொல்லியலும் படிக்க ஆசை. வேலை கிடைக்காது என்று வீட்டில் தடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதா, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. சிறுவயது முதல் வயல்களில் பொறுக்கிய பானையோடுகளையும் இரண்டு கல்மணிகளையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். நம் முன்னோரின் தொன்மையை உலகுக்கு நிரூபிக்க வேண்டும் என்பதே என் கனவு. உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பழைய களக்குறிப்பேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் எழுதுவது அதனால்தான்.

முதலில் வேலை. பல நாடுகளில் சாலையோ கட்டடமோ எழுவதற்கு முன் அந்த நிலத்தை ஆய்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தொல்லியல் படித்தவர்கள் பலர் பிழைப்பது அந்தப் பணியில்தான். வசதியான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். வீட்டாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமையில்லை. பாடப்பிரிவைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொல்லியல் என்பது மானிடவியலின் நான்கு கிளைகளுள் ஒன்று; ஐரோப்பாவில் பெரும்பாலும் அது தனித்துறை. இடம் கிடைக்கும் துறையில் சேருங்கள், மற்றதை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.

என்னை உறுத்தியது உங்கள் பெட்டி.

மாணவனாக இருந்தபோது ஓர் அகழாய்வுக்கு மூன்று வாரம் உதவியாளனாகப் போயிருந்தேன். ஒருநாள் குழியின் பக்கச்சுவரில் சிவப்பாக, சூதுபவளம் என்ற கல்லில் செய்த மணி ஒன்று தெரிந்தது. கண்டதும் விரலால் நிமிண்டி எடுத்து, மண்ணைத் துடைத்து, ஓடிப்போய்க் களப் பொறுப்பாளரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் மணியைப் பார்க்கவேயில்லை. “எந்த அடுக்கு?” என்று மட்டும் கேட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால், மேலிருந்து சரிந்த மண் அந்தத் துளையை மூடியிருந்தது. கருமண் அடுக்கா, அதற்கு மேலிருந்த சாம்பல் அடுக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் திட்டவில்லை. மணியை ஓர் உறையில் போட்டு, ‘அடுக்கு தெரியவில்லை’ என்று எழுதி, அதன்கீழ் என் பெயரை என்னையே எழுதவைத்தார்.

அந்த உறையின் பொருள் எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. உயிர்களின் உடலில் சேரும் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமம், உயிர் போனபின் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது என்பதை வைத்து வேதியியலாளர் வில்லார்ட் லிப்பியும் அவர் குழுவினரும் 1940களின் இறுதியில் உருவாக்கிய காலக்கணிப்பு முறை, ஒருகாலத்தில் உயிரோடிருந்தவற்றுக்கு, அதாவது விதைக்கும் எலும்புக்கும் கரிக்கும்தான் பொருந்தும், கல்லுக்குப் பொருந்தாது. கல்மணியின் வயதை அதனோடு ஒரே அடுக்கில் கிடந்த கரித்துண்டுதான் சொல்ல வேண்டும். மணியை எடுத்த கையோடு அதன் வயதையும் நான் அழித்துவிட்டேன். நீங்கள் இரண்டு மணிகளுக்கு அதைச் செய்திருக்கிறீர்கள். உழுத வயலில் அடுக்கு ஏற்கெனவே கலைந்துதான் இருக்கும் என்பது பாதிச் சமாதானமே. எந்த வயல், எந்த மூலை என்பதாவது மிஞ்சியிருக்குமே.

‘நிரூபிக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிரேக்கக் கவி ஹோமர் பாடிய டிராய் நகரை நிரூபிக்க விரும்பிய ஜெர்மானியர் ஷ்லீமன் 1870இல் இன்றைய துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டைத் தோண்டத் தொடங்கினார். தேடியது அடியில்தான் இருக்கும் என்ற உறுதியில் மேலடுக்குகளின் சுவர்களை உடைத்துக்கொண்டே இறங்கி, 1873இல் தங்கப் புதையலைக் கண்டதும் அது டிராயின் மன்னன் பிரியாமுக்கு உரியது என்று அறிவித்தார். அந்த அடுக்கோ டிராய்ப் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. அவர் தேடிய காலத்தின் தடயங்களில் ஒரு பகுதி, அவர் வாரிக் கொட்டிய மண்ணோடு போய்விட்டது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குபவருக்கு இதுதான் நேரும். முன்னோர் மீது உங்களுக்குள்ள பற்றை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் விட்டுப்போனதை அவர்கள் விட்ட இடத்திலேயே பார்க்கும் பொறுமை அந்தப் பற்றுக்கு வேண்டும் என்கிறேன்.

மானிடவியலிலும் இதே கதைதான். 1915க்கும் 1918க்கும் இடையே நியூ கினியை அடுத்த டிரோபிரியாண்ட் தீவுகளில் இருமுறை தங்கியிருந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, அங்குள்ளவர்கள் கடல் கடந்து சென்று சிப்பி மாலைகளைக் கொடுத்து, சிப்பிக் காப்புகளைப் பெற்று வருவதைக் கண்டார். தீவுகளின் வட்டத்தில் மாலைகள் கடிகாரச் சுற்றிலும் காப்புகள் அதற்கு எதிராகவும் கைமாறிக்கொண்டே இருந்தன. அம்மாலைகளில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அது வெறும் அணிகலன். யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் திசையில் போனது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது.

மற்றவர்கள் மிதித்துப் போன பானையோட்டைக் குனிந்து எடுத்த கண் உங்களுடையது. அதை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க முடியாது. ஆகவே துணிந்து சேருங்கள். அதற்கு முன், இன்றே பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதனதனோடு வையுங்கள். நினைவில்லாததற்கு நினைவில்லை என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். பிறகு பெட்டியை ஓர் அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணிகளும் கிடந்த இடம் நினைவுக்கு வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.