பாதியில் நிற்கும் கருமுட்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மியாசிஸில் செல் இரண்டு முறை பிரிகிறதே, குரோமோசோம் எண்ணிக்கை எதில் பாதியாகிறது? டியூஷனில் ஒரு மாதிரி சொல்கிறார்கள், நோட்ஸில் வேறு மாதிரி இருக்கிறது.
– பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்

பதில்: மியாசிஸ் என்பது கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நடக்கும் செல் பிரிவு. எண்ணிக்கை பாதியாவது அதன் முதல் பிரிவில்தான். நூலை வைத்து ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் பரீட்சையில் குழம்பாது. சிவப்பு உல்லன் நூலில் ஒரு துண்டு, அதே நீளத்துக்கு நீலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு, அம்மாவிடமிருந்து வந்த 1-ஆம் குரோமோசோம். நீலம், அப்பாவிடமிருந்து வந்தது. பிரிவு தொடங்கும் முன்பே டி.என்.ஏ. நகலாகிவிடும். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் இன்னொரு துண்டு சேர்த்து, நடுவில் ஓர் ஊக்கு மாட்டுங்கள். இப்போது நூல் நான்கு, ஊக்கு இரண்டு. ஊக்குதான் சென்ட்ரோமியர், அதாவது நகல்கள் இரண்டும் இணைந்திருக்கும் இடம். அதை எண்ணினால் குரோமோசோமை எண்ணியதாக அர்த்தம்.

இரண்டையும் ஒட்டிக் கிடத்துங்கள். ஒரு சிவப்பு நுனியையும் ஒரு நீல நுனியையும் வெட்டி, இடம் மாற்றி முடிச்சுப் போடுங்கள். இது குறுக்கேற்றம். பிறகு ஆளுக்கொரு பக்கமாக ஊக்கைப் பிடித்து இழுத்தால், ஒரு செல்லுக்கு ஓர் ஊக்கு. 46 குரோமோசோம் 23 ஆவது இந்த இடத்தில்தான். அடுத்த பிரிவுக்கு முன் நகலெடுப்பு கிடையாது. ஊக்கைக் கழற்றி, ஜோடி நூலைப் பிரித்து, நூலுக்கு ஓர் ஊக்காக மாட்டி, செல்லுக்கு ஒன்றாக அனுப்புங்கள். எண்ணிக்கை 23-லேயே நிற்கும், பாதியாவது டி.என்.ஏ.வின் அளவு மட்டும்.

குறுக்கேற்றத்தை 'பண்புகள் கலக்க' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த முடிச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இழுக்கும் நேரம் வரை ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். முடிச்சு விழாத ஜோடி தப்பாகப் பிரிய வாய்ப்பு அதிகம். (மனிதருக்கு 46 என்பதே 1956-இல் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணிச் சொன்ன பிறகுதான் உறுதியானது. அதுவரை 48 என்றுதான் புத்தகங்களில் இருந்தது. ஆகவே எண்ணிக்கையில் குழம்பியது நீங்கள் மட்டும் இல்லை.)

கேள்வி: வயது 36. ஐ.வி.எஃப். சிகிச்சையில் 11 கருமுட்டை எடுத்தார்கள். '8 தான் மெச்சூர், மற்றவை பயன்படாது' என்கிறார்கள். மூன்று என்ன ஆயிற்று?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: அந்த மூன்றும் மியாசிஸில் போதிய தூரம் வரவில்லை. உங்கள் கருமுட்டைகள் மியாசிஸைத் தொடங்கியபோது நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தீர்கள். ஐந்தாம் மாதவாக்கில் 60–70 லட்சம் இருந்தவை, பிறக்கும்போது 10–20 லட்சமாகக் குறைந்து, முதல் பிரிவின் ஆரம்பத்தில், டிப்ளோட்டீன் நிலையில், அப்படியே நின்றுவிட்டன. மாதாமாதம் எல்.எச். ஹார்மோன் உயரும்போதுதான் அவற்றில் ஒன்று மீண்டும் நகரும். ஐ.வி.எஃப்.பில் அந்த வேலையைச் செய்வது ட்ரிகர் ஊசி. ஊசி போட்டு 34–36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். இரவு 10.30-க்குப் போடச் சொன்னால் 10.30-க்கே போட்டாக வேண்டும். டிராஃபிக், கல்யாண வீடு என்று தள்ளிப்போட முடியாத ஊசி இது.

லேபில் முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். முட்டையின் ஓரத்தில், மேலுறைக்குள்ளேயே, சின்ன உருண்டை ஒன்று ஒட்டியிருந்தால் முதல் பிரிவு முடிந்துவிட்டது. அந்த உருண்டைதான் துருவ செல். பாதிக் குரோமோசோமை அதில் போட்டு வெளியேற்றிவிட்டு, கருவை வளர்க்கும் சத்து மொத்தத்தையும் முட்டை தானே வைத்துக்கொள்கிறது. உருண்டை இல்லாமல் உள்ளே வட்டமாக நியூக்ளியஸ் தெரிந்தால் அது இன்னும் கிளம்பவே இல்லை. இரண்டும் தெரியாவிட்டால் நடுவழியில் இருக்கிறது. இக்சி முறையில் விந்தணுவைச் செலுத்துவது உருண்டை உள்ள முட்டையில் மட்டும். அதுவும் இரண்டாம் பிரிவின் நடுவில் காத்திருக்கிறது. விந்தணு நுழைந்தால்தான் முடிக்கும்.

சிறிய ஃபாலிக்கிள்களிலிருந்து (முட்டை வளரும் பைகள்) வருபவை பெரும்பாலும் முதிராதவை. பொதுவாக நான்கில் மூன்று தேறும், ஆகவே 11-க்கு 8 குறைவில்லை. வயது உறுத்துவது வேறு இடத்தில். நகல் நூல்களைக் கட்டிவைக்கும் கோஹெசின் என்ற புரதம் வருடக்கணக்கில் காத்திருந்து தேய்ந்துபோகிறது. கட்டு தளர்ந்தால் 23-க்குப் பதில் 22 அல்லது 24 குரோமோசோம் உள்ள முட்டை வரும். டவுன் சிண்ட்ரோமுடன் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வரும் நிலை) குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று என்று ஏறுவது இதனால்தான்.

கேள்வி: போன மாதம் டெங்கு காய்ச்சல். இப்போது விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று ரிப்போர்ட். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஏறும் என்கிறார்கள்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களின் சுரப்பை மூளை நிறுத்திவிடும், விதைப்பையில் உற்பத்தியே நின்றுபோகலாம். ஒரு முதல்நிலை செல்லிலிருந்து நான்கு விந்தணு வரும், ஆனால் ஆரம்பத்திலிருந்து உருவாகி முடிய ஏறக்குறைய 64–74 நாள். பிறகு எபிடிடிமிஸ் குழாயில் முதிர இரண்டு வாரம்போல. விதைப்பை உடலைவிட 2–4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியது. மியாசிஸில் இருக்கும் செல்கள் சூட்டைத் தாங்காது. இன்று கொடுத்த சாம்பிள் காய்ச்சல் நாட்களில் உருவான சரக்கு. காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, மறுபடி டெஸ்ட் எடுங்கள். மில்லிக்கு 1.6 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின் கீழ்வரம்பு. அப்போதும் குறைவாக இருந்தால் ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்க மருத்துவம்) டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: என் முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். 'உன் பரம்பரைக் கோளாறு' என்கிறார் மாமியார். எனக்கு 29 வயது. அடுத்ததும் அப்படியே பிறக்குமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: குழந்தையின் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் 47 என்று இருந்தால் (நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு அப்படித்தான்) 21-ஆம் ஜோடி பிரியாமல் போன தற்செயல். அது பெரும்பாலும் கருமுட்டையில் நடப்பது உண்மைதான். ஆனால் பரம்பரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மாமியாரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். மறுபடி நேர வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவில். ரிப்போர்ட்டில் 46 என்று இருந்து, 21-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு 14-இன் மேல் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தால் கதை வேறு. நீங்களோ உங்கள் கணவரோ 45 குரோமோசோமோடு முழு ஆரோக்கியமாக இருக்கலாம். அப்போது கர்ப்பத்துக்கு முன்பே இருவரும் ரத்தம் கொடுத்துக் கேரியோடைப் பார்த்துவிடுங்கள்; உங்களுக்கு மட்டும் எடுத்தால் போதாது.