ஆண் பூனைக்குச் சிறுநீர் வரவில்லை என்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள்

மூன்று வயது ஆண் பூனை, நேற்று இரவிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, மெத்தையில் இரண்டு சொட்டு மட்டும் விட்டது, மலச்சிக்கலா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது சிறுநீர்க்குழாய் அடைப்புதான். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். சிறுநீரில் உண்டாகும் படிகமும் சளியும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

அடிவயிற்றை மெல்லத் தொடுங்கள். எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது நிரம்பிய சிறுநீர்ப்பை. அமுக்காதீர்கள், கிழிந்துவிடும். தட்டுப்படாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன இளநீர் வேண்டவே வேண்டாம். அடைப்பில் ரத்தப் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், இதயத்தை நிறுத்துவது அதுதான். இளநீரில் நிறைய இருப்பதும் பொட்டாசியமே. வலிக்கென்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.

பக்கத்துக் கிளினிக்கோ சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, “ஆண் பூனை, சிறுநீர் அடைப்பு, இப்போதே கத்தீட்டர் போட முடியுமா?” என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கத்தீட்டர் என்பது சிறுநீரை வெளியேற்ற உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெத்தையில் விட்டதற்கு அதட்டாதீர்கள், பாவம். வலி தாங்காமல் செய்தது, வீம்பு இல்லை. வீடு திரும்பிய முதல் வாரம் மறுபடி அடைக்கலாம். சிறுநீர் பட்டு மணலில் சேரும் கட்டிகளைத் தினமும் எண்ணுங்கள். உலர்தீனியைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றுங்கள்.