ஒயினே குடிக்காத ஃப்ரெண்டோட ஒயின் ஊர்ல ஒரு நாள் சைக்கிள்

"ஐரோப்பால ஒயின் தோட்டங்களுக்கு நடுவுல சைக்கிள் ஓட்டிட்டுப் போறாங்களே, குடிக்கிற பழக்கமே இல்லாதவங்களுக்கு அதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் போனதே ஒரு சொட்டு கூட குடிக்காத ஒருத்தனோடதான், அதனால சொல்றேன்.

அவனுக்கு சொந்த ஊரு கம்பம் பக்கம் சுருளிப்பட்டி, அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. இப்ப ஜெர்மனில ஹாம்பர்க்ல வேலை, நான் இங்க பிரான்ஸ்ல லியோன்ல. ஜூன் கடைசில மூணு நாள் லீவுல வந்தான், எங்கயாவது கூட்டிட்டுப் போடான்னான், நான் ஒயினுக்குப் பேர் போன பர்கண்டி பக்கம் போலாம்னு சொன்னதும் "குடிகாரன் ஊருக்கு என்னைய ஏன்டா இழுக்குற"ன்னு ஆரம்பிச்சான். திராட்சையைப் பாக்கத்தான் மாப்ளன்னு சமாளிச்சேன், கடைசில அதுதான் நிஜமாவும் நடந்துச்சு.

காலைல ட்ரெய்ன் புடிச்சு போன்ங்கிற ஊர்ல இறங்கினோம். ஊர் பேரே போன்தான். அம்மா கூப்பிட்டப்ப "போன்ல இருக்கேன்மா"ன்னேன், "அதான் தெரியுதே, எங்க இருக்க?"ன்னாங்க, ரெண்டு நிமிஷம் இதுலயே போச்சு. ஊருக்குள்ள 1443ல ஆரம்பிச்ச பழைய தர்ம ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, கூரை பூரா கலர் கலர் ஓடு, அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதி வச்ச திராட்சைத் தோட்டங்கள்ல வர்ற ஒயினை 1859ல இருந்து நவம்பர் மாசம் ஏலம் விடுறாங்க. அவன் வெளியில நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு "நம்ம கோயில் நிலம் மாதிரி"ன்னான், அதோட சரி, ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்துட்டு கிளம்பிட்டோம்.

போன்ல இருந்து தெக்கால சான்ட்னேங்கிற ஊரு வரைக்கும் தோட்டங்களுக்கு நடுவுலயே சைக்கிளுக்குன்னு ஒரு பாதை, மொத்தமே 22 கிலோமீட்டர் சொச்சம். வேகமா மிதிச்சா ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிடலாம், எங்களுக்கு காலைல பத்துல இருந்து சாயங்காலம் ஆறு ஆச்சு, ஏன்னா இவன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சைக்கிளை சாத்தி வச்சிட்டு கொடிகிட்ட போய் குனிஞ்சிடுவான். ஆமா குனியணும், அதான் அவனுக்கு முதல் அதிர்ச்சி. கம்பத்துல திராட்சைன்னா கல்தூண் நட்டு கம்பி இழுத்து தலைக்கு மேல பந்தல், ஏக்கருக்கு அறுநூறு எழுநூறு கொடி இருக்கும். இங்க கொடி இடுப்பு உயரம்தான், மீட்டருக்கு ஒண்ணா நெருக்கி நட்டு ஏக்கருக்கு நாலாயிரம். ட்ராக்டர் கூட வரிசைக்கு நடுவுல போக எடம் இல்லாம, உயரமா கால் வச்ச ட்ராக்டர் ஒண்ணு வரிசையை ரெண்டு காலுக்கும் நடுவுல விட்டுட்டு தாண்டித் தாண்டிப் போகுது. அதை மட்டும் பத்து நிமிஷம் வீடியோ எடுத்தான்.

பொமார்ங்கிற ஊரைத் தாண்டினதும் ஒரு இலையைத் திருப்பிப் பாத்துட்டு "மாப்ள, துத்தம் அடிச்சிருக்காய்ங்க"ன்னான். இலைல நீலப் பொடி படிஞ்சிருந்துச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறது, அவங்க அப்பாவும் அடிச்சாம்பல் நோய்க்கு அதத்தான் அடிப்பாரு, போர்டோ கலவைன்னு பேரு. இத்தனை வருஷம் அந்த வார்த்தையை சொல்லியிருக்கான், போர்டோங்கிறது பிரான்ஸ்ல ஒரு ஊருன்னு தெரியாது, ஏதோ மருந்து கம்பெனி பேருன்னு நெனச்சிருக்கான்! கதையை நான் சொன்னேன். போர்டோ பக்கம் (அது இங்கருந்து ரொம்ப தூரம், மேக்கால கடலோரம்) ரோட்டோரத் தோட்டத்துல போறவன் வர்றவன் எல்லாம் பழத்தைப் பறிச்சு திங்குறான்னு, பாத்தாலே அருவருப்பா இருக்கட்டும்னு துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைல தெளிச்சு விட்டிருக்காங்க, அந்த ரோட்டோரக் கொடிக்கு மட்டும் நோய் வரலங்கிறதை மில்லார்டேன்னு ஒரு தாவரவியல் புரொபசர் கவனிச்சிட்டு 1885ல மருந்தாவே அறிவிச்சிட்டாரு. திருடனுக்கு வச்சது பூஞ்சைக்கு வேலை செஞ்சிருக்கு. இதைக் கேட்டு அவன் சிரிச்ச சிரிப்புல வரிசை நடுவுல களை எடுத்துட்டு இருந்த ஒருத்தர் எட்டிப் பாத்து கைய ஆட்டினாரு.

வோல்னே கொஞ்சம் மேட்டு மேல இருக்கிற ஊரு, ஏறும்போது என் சைக்கிள்ல செயின் கழண்டுக்கிச்சு, மாட்டிட்டு கை பூரா கிரீஸோட மேல போய் உக்காந்தா கீழ பூரா பச்சை. காய் அப்ப பட்டாணி சைஸ்ல இருந்துச்சு. பூத்ததுல இருந்து நூறு நாள் கணக்கு வச்சு செப்டம்பர்ல அறுவடை, வருஷத்துக்கு ஒரே தடவை. "ஒரு வெட்டுதானா?"ன்னான். கம்பத்துல கவாத்து பண்ணி நாலு மாசத்துல பழம், வருஷத்துக்கு ரெண்டு வெட்டு எடுக்குறவன். அப்புறம் சொட்டுநீர் பைப் எங்கன்னு தேட ஆரம்பிச்சான். இங்க தண்ணி பாய்ச்சக் கூடாதுன்னு சட்டமே இருக்குடா, மழை பெஞ்சா உண்டு, வேர் ஆழத்துக்குப் போய் சுண்ணாம்புப் பாறைக்குள்ள தேடிக்கணும்னேன். சீரியஸா மூஞ்சியை வச்சுக்கிட்டு ஒரு கை மண்ணை எடுத்து பிசைஞ்சு பாத்தான், வெள்ளை வெள்ளையா கல்லு. "இந்த மண்ணுல எங்கப்பா மொச்சை கூட போட மாட்டாரு"ன்னான்.

மெர்சோங்கிற ஊர்ல மதியம். இங்க ஒரு விஷயம், பன்னெண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் பெரும்பாலான கடையும் பூட்டிடுவாங்க, பேக்கரில முன்னாடியே ஏதாவது வாங்கி வச்சுக்கோங்க. நாங்க சீஸ் போட்ட போண்டா மாதிரி உப்பலா ஒண்ணு, கூஜேர்னு பேரு, அதை ஆளுக்கு அஞ்சாறு தின்னுட்டு டவுன்ஹால் முன்னாடி நிழல்ல படுத்து தூங்கியே தூங்கிட்டோம்.

ரெண்டரைக்கு அங்க ஒயின் தயாரிக்கிற ஒரு சின்ன வீட்டுல, ருசி பாக்க (டேஸ்டிங்னு சொல்வாங்க) முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் வச்சுக்கணும்ங்கிறது என் அபிப்பிராயம், நாலஞ்சு எடத்துல டேஸ்டிங் போட்டீங்கன்னா சைக்கிள் ஓட்டினது ஞாபகமே இருக்காது, போக இங்க சைக்கிளுக்கும் காருக்கு இருக்கிற அதே ஆல்கஹால் லிமிட்தான், புடிச்சா 135 யூரோ ஃபைன். ருசி பாத்துட்டு துப்புறதுக்கு ஒரு பக்கெட் வச்சிருப்பாங்க, நம்மாளுங்க கூச்சப்படுவோம், தேவையே இல்ல, அவங்களும் துப்புறாங்க. அந்த வீட்டம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். பாதாள அறைல வரிசையா 228 லிட்டர் பீப்பா, ஜில்லுனு இருந்துச்சு. இவன் குடிக்க மாட்டான்னதும் அவங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கல, மோந்து மட்டும் பாருன்னு கிளாஸைக் குடுத்தாங்க, இவன் மோந்துட்டு ஃபோனை எடுத்து பந்தல் போட்டோவைக் காட்டிட்டான். நான்தான் மொழிபெயர்ப்பு. பழம் எந்த ரகம்னு கேட்டாங்க, ரோஜாப்பூ வாசம் வரும், கொட்டை இருக்கும், கருப்புன்னு சொல்லிட்டு நெட்ல தேடினோம், பன்னீர் திராட்சையோட வெளிநாட்டுப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க்ல உக்காந்து வேலை பாக்குறவனுக்கு அப்பதான் தெரியுது. ஒரு பிரெஞ்சு பாதிரியார்தான் எங்க ஊருக்கு இதைக் கொண்டு வந்தாராம்னு பெரியவங்க சொல்வாங்கன்னு அவன் சொல்லவும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம். பறிக்கிறவங்க அண்ணாந்து நின்னுட்டே பறிக்கிற போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க, "எங்களுக்கும் இப்படி இருந்திருந்தா என் முதுகு தப்பிச்சிருக்கும்"னாங்க.

அப்புறம் பூலின்யிங்கிற ஊரு. மோன்ராஷேன்னு ஒரு தோட்டம், உலகத்துலயே பேர் போன வெள்ளை ஒயின் இங்க வர்றது, மொத்தமே எட்டு ஹெக்டேர், அதை ரெண்டு ஊரு பங்கு போட்டுக்குது, பேர் பெருமைக்காக ரெண்டு ஊருமே அதோட பேரை தன் பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிச்சு. கல் சுவரு, ஒரு கல் வாசல், அவ்வளவுதான், காவலுக்குக் கூட யாரும் இல்ல. அந்த எட்டு ஹெக்டேர்ல வர்ற பாட்டில் ஆயிரக்கணக்கான யூரோவுக்கும் போகும், அதே சரிவுல கொஞ்சம் கீழ இறங்கினா வெறும் ஊர் பேர்ல விக்கிற ஒயின். இந்த மாதிரி தனித்தனிப் பேரு வச்ச துண்டு நிலம் 1,247ன்னு எண்ணி 2015ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. இதெல்லாம் வியாபாரத் தந்திரமோன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம் உண்டு, ஆனா இவன் ஒத்துக்கல. "வாய்க்காலுக்கு மேக்கால இருக்கிற எங்க காட்டுப் பழத்துக்கும் சித்தப்பா காட்டுப் பழத்துக்கும் ருசி வேற மாப்ள, வியாபாரியே கண்டுபிடிச்சிடுவான். நாங்க பேர் வைக்கல, இவய்ங்க வச்சுட்டாய்ங்க"ன்னான். அதுக்கு மேல நான் பேசல.

சான்ட்னேல இருந்து கால்வாய் ஓரமா சமதளமான பாதை, அஞ்சு கிலோமீட்டர் போனா ஷன்யி, அங்க ட்ரெய்ன் ஏறி சைக்கிளைத் திருப்பிக் குடுக்க போன் வந்தோம் (நாங்க போனப்ப சைக்கிளுக்கு டிக்கெட் கேக்கல). கால்வாய்க் கரையில உக்காந்து அவன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான், அங்க ராத்திரி ஒன்பதரை, கட்டில்ல படுத்திருந்தாரு. நாலாயிரம் கொடி, கால் வச்ச ட்ராக்டர், தண்ணி விடாம வளக்குறதுன்னு இவன் மூச்சு விடாம சொல்றான், பாக்கெட்டுல இருந்த அந்த வெள்ளைக் கல்லை எடுத்து வேற கேமரால காட்டுறான். எல்லாத்தையும் ம்ம் ம்ம்னு கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"கிலோ என்ன ரேட்டுக்கு எடுக்குறானாம்?"

நாள் பூரா சுத்தியும் அதைக் கேக்க ரெண்டு பேருக்கும் தோணல.