பட்டறை இயந்திரங்களும் மாணவர் பாதுகாப்பும்: பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பட்டர்வொர்த் ஆசிரியர்: லேத் (கடைசல்) இயந்திரத்தின் முதல் வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும்?

நிறுத்துவதைக் கற்பியுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், கண்ணால் தேடாமலேயே அவசர நிறுத்தப் பொத்தானுக்குக் கை செல்லும் வரை ஒவ்வொரு மாணவரையும் பழக்க வேண்டும். அடுத்தது சக் சாவி, அதாவது பொருளைப் பற்றிச் சுழலும் பிடிப்பானான சக்கை இறுக்கும் சாவி. அதைச் சக்கிலேயே விட்டு இயந்திரத்தை இயக்கினால், சாவி எகிறி எதிரில் நிற்பவரைத் தாக்கும். ஆகவே சாவி சக்கில் இருக்கும் வரை கை சாவியில் இருக்க வேண்டும் என்பதை மீற முடியாத விதியாக்குங்கள். கையை எடுத்ததும் தானாக வெளியே தள்ளப்படும் சுருள்வில் சாவிகளும் விற்கப்படுகின்றன. பள்ளிகள் அவற்றை வாங்குவதே நல்லது.

புக்கிட் மெர்தாஜாம் தாயார்: மகனுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுத்தேன்; ஆசிரியர் ஏன் கழற்றச் சொல்கிறார்?

அவர் சொல்வதே சரி, அம்மா. சுழலும் பகுதி கையுறையின் ஓரத்தைப் பற்றிவிட்டால், விலக நினைப்பதற்குள் விரலோடு கையையும் உள்ளே இழுத்துவிடும். கூர்விளிம்புத் தகடுகளைத் தூக்கும்போது கையுறை தேவை. லேத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் அதுவே ஆபத்து. தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கட்டாத கூந்தல், கோயிலில் கட்டிவந்த கயிறு ஆகியவற்றுக்கும் இதே காரணம் பொருந்தும். கயிற்றைக் கழற்ற மனமில்லாத மாணவரை வற்புறுத்தாமல், அன்று அளவெடுக்கும் பணியைக் கொடுக்கலாம்.

பிறை மாணவர்: சிறிய தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடலாமா?

கூடாது. துளைப்பான் அடிப்பக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். பொருளை அசையாமல் பிடிக்கும் பிடிகருவியான வைஸில் இறுக்குங்கள். சீவல்களை, இயந்திரம் நின்ற பிறகு தூரிகையால் அகற்றுங்கள்.

ஜார்ஜ்டவுன் பட்டறை உதவியாளர்: சாணை இயந்திரத்தில் எதைச் சோதிக்க வேண்டும்?

தீட்டும் பொருளை வைக்கும் தாங்கிக்கும் சாணைக்கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பொருள் இடுக்கில் சிக்கிக் கல் உடையலாம். கல் தேயத் தேய இந்த இடைவெளி பெருகும் என்பதால் அடிக்கடி சரிசெய்ய வேண்டும், அதுவும் கல் முழுதாக நின்ற பின்னரே.

பாயான் லெப்பாஸ் பயிற்றுநர்: மாணவர்கள் தொழிலாளர்கள் அல்லவே, சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டது; ஆனாலும் 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணியாளர் அல்லாதவர்களின் பாதுகாப்பையும் முதலாளியின் கடமையாக்குகிறது.

அதே பயிற்றுநர்: ஓர் இயந்திரத்தில் இருவர் பழகலாமா?

ஒருவர் இயக்க, மற்றவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இயந்திரத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று கவனிக்கலாம். அவசர நிறுத்தத்தைத் தவிர வேறெந்தப் பொத்தானையும் அவர் தொடக் கூடாது.