அஞ்சலில் வந்த வைத்தியம்

கேள்வி: நோயாளியைக் கண்ணால் பாராமலேயே, கடிதத்தைப் படித்து மருத்துவர்கள் வைத்தியம் சொன்ன காலம் ஒன்று இருந்ததாமே, நம்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாக நம்பலாம், 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதி படைத்தவர்களிடையே அது சாதாரண வழக்கம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லனுக்கு (1710–1790) வந்த கடிதங்களும் அவருடைய பதில்களும் ஆயிரக்கணக்கில் அந்நகரின் அரச மருத்துவர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. தூக்கம், பசி, நாடி, மலம், சிறுநீர் என ஒன்றுவிடாமல் நோயாளியோ உறவினரோ உள்ளூர் மருத்துவரோ எழுதியனுப்ப, கல்லன் மருந்தோடு நில்லாமல் உணவு, உடை, குதிரைச் சவாரி வரை விதித்துப் பதில் எழுதுவார். (நேரில் சொல்லக் கூசுவதைத் தாளில் எழுதுவது எளிது போலும்.) பதில்களை முதலில் எழுத்தரைக் கொண்டு படியெடுத்துவந்தவர், 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் கருவிக்கு மாறினார், ஈரப்படுத்திய மெல்லிய தாளைக் கடிதத்தின்மேல் வைத்து அழுத்தினால் மை அதில் ஊறி, மறுபக்கம் எழுத்து நேராகத் தெரியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் தீசோ, 1761-இல் வெளியிட்ட தம் நூலில், மருத்துவரை நாடுவோர் விடை வைத்திருக்கவேண்டிய கேள்விகளையே பட்டியலிட்டு அச்சிட்டார்.

அக்காலத்தில் நேரில் போனாலும், மருத்துவர் பெரும்பாலும் நோயின் கதையைக் கேட்டு, நாடி பிடித்து, நாக்கைப் பார்ப்பதோடு சரி. ஸ்டெதாஸ்கோப்பே 1816-இல்தான் வந்தது. ஆகவே, கவனமாக எழுதப்பட்ட கடிதத்தால் பெரிய இழப்பில்லை என்றே கருதுகிறேன். பதில் வந்துசேரும் வரை காத்திருக்கவேண்டியிருந்ததால், திடீர்க் காய்ச்சலைவிட நாள்பட்ட நோய்களுக்கே இம்முறை பொருந்தியது.